கிரெகருக்குச் சிறகு உண்டா?

1915 அக்டோபரில் எழுத்தாளர் காஃப்கா தன் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய 'உருமாற்றம்' கதை புத்தகமாக வரவிருந்த நேரம். அட்டையில் கதையில் வரும் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஓவியர் ஒட்டோமார் ஸ்டார்க்கே கதவோரம் முகத்தைப் பொத்திக்கொண்டு விலகும் ஒரு மனிதரை வரைந்து கொடுத்தார். வாசகர்கள் விடுவார்களா? கண்விழித்ததும் பூச்சியாகக் கிடந்த கிரெகர் சம்சா கரப்பானா, மூட்டைப்பூச்சியா, வண்டா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

இதில் வாதாடத் தகுதி மிக்கவர் நாவலாசிரியர் நபகோவ். 1940-களில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்து வகைப்படுத்தியவர். கார்னெல் பல்கலைக்கழக வகுப்பில் இந்தக் கதையையும் அதே கண்ணோடு படித்தார். கரப்பான் தட்டையானது, கால்கள் பெரியவை. கிரெகருக்கோ முதுகும் வயிறும் உப்பலாக இருக்கின்றன, கால்கள் சின்னவை. ஆகவே வண்டு, நீளம் சுமார் 3 அடி. வண்டென்றால் முதுகோட்டுக்கு அடியில் பறக்கும் சிறகுகள் மடிந்திருக்க வேண்டும், அது கிரெகருக்கே கடைசிவரை தெரியாமல் போயிற்று என்றார்.

3 அடிப் பூச்சி மூச்சுவிடுமா என்பது தனி வழக்கு. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலோரத் துளைகளில் நுழையும் காற்று நுண்குழாய்கள் வழியே திசுக்களுக்கு நேரே போகிறது. உடல் பெருத்தால் அந்த வழி நீண்டு ஆக்சிஜன் பற்றாது. காற்றில் ஆக்சிஜன் மிகுந்திருந்த சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பறந்த, தும்பிக்கு உறவான மெகாநியூராவுக்கே சிறகு விரிப்பு 70 செ.மீ. அளவுதான்.

சிறகு வாதம் அழகானது. ஆனால் ஓர் ஆப்பிள் இடிக்கிறது. அப்பா எறிந்த பழம் கிரெகரின் முதுகில் புதைந்து, அங்கேயே அழுகுகிறது. கெட்டியான உறை மூடிய வண்டின் முதுகில் பழம் அப்படிப் பதியுமா? கதை நெடுக நாம் பெரும்பாலும் கிரெகரின் கண்ணால்தான் பார்க்கிறோம். மல்லாந்து கிடப்பவனுக்குத் தெரிகிற வயிறு, அதன் பட்டைகள், துடிக்கும் கால்கள் எல்லாம் துல்லியம். முதுகை அவன் பார்ப்பதே இல்லை. காஃப்கா காட்டாத அந்த இடத்தில்தான் நபகோவ் சிறகைக் கண்டுபிடித்தார்.

வெளியிலிருந்து பார்த்து இனம் சொன்ன சாட்சி ஒருத்தி உண்டு. வீட்டு வேலைக்கு வரும் கிழவி அவனைச் சாண வண்டே என்று கூப்பிடுகிறாள். நபகோவ் அந்தச் சாட்சியத்தில் வண்டை எடுத்துக்கொண்டு சாணத்தைத் தள்ளிவிட்டார். அது அவள் பிரியத்தில் சேர்த்ததாம்.