உஷார்! 127 வரை ஒழுங்காக ஓடும், 128இல் காலை வாரிவிடும்!

ஜாவா எழுதுகிற பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள்! படிவம் 4இல் இப்போதுதான் தொட்டவர்களாக இருங்கள், கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலோ ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலோ படிப்பவர்களாக இருங்கள். இதைப் படித்துவிட்டு அடுத்த வரியை எழுதுங்கள்.

உங்கள் நிரலில் == என்ற இரட்டைச் சமக்குறி எத்தனை இடத்தில் இருக்கிறது? நீங்கள் நினைக்கிற கேள்வியைத்தான் அது கேட்கிறதா? பல இடங்களில் இல்லவே இல்லை!

கம்பைலர் கத்தாது. நிரல் பாதியில் நிற்காது. வீட்டில் சோதித்தால் சரியான விடைகூட வரும். ஊரே கூடி நிற்கிற நாளில்தான் மானத்தை வாங்கும்.

நடந்ததைக் கேளுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனங்களும் திசைக்கொன்றாய்ப் போய்விட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஈப்போவில் மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் வைத்தார்கள். சாப்பாட்டுக் கூப்பனைச் சரிபார்க்கும் நிரலை ஒரு பையன் எழுதினான். கெட்டிக்காரப் பையன்தான். பட்டியலில் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணும், ஆள் நீட்டும் கூப்பன் எண்ணும் ஒன்றா? அவ்வளவுதான் வேலை. இருபது கூப்பனை வைத்துச் சோதித்தான். எல்லாம் சரி.

விழா அன்று 127ஆம் கூப்பன் வரை ஒரு குறையும் இல்லை. 128ஐ நீட்டியவர் ஒரு பாட்டி. 'பொருந்தவில்லை' என்றது திரை. 129? பொருந்தவில்லை. 130? அதுவும் இல்லை! ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களிடம், "இந்தக் கூப்பன் யார் கொடுத்தது?" என்று கேட்கவேண்டி வந்தது. காலமெல்லாம் பால் வெட்டிக் கை காய்த்துப்போனவர்களைத் திருட்டுக் கூப்பன்காரர்கள்போல நிறுத்தி வைத்தது பையன் போட்ட அந்த இரட்டைச் சமக்குறி!

ஏன் இப்படி? ஜாவாவில் வெறும் 'இன்ட்' எண்கள் இரண்டுக்கு நடுவே == போட்டால் மதிப்பைத்தான் பார்க்கும். பயமில்லை. ஆனால் ஆரேலிஸ்டிலோ ஹாஷ்மேப்பிலோ வைத்த எண் 'இன்டிஜர்' என்ற ஆப்ஜெக்டாகிவிடும். இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே == போட்டால் அது மதிப்பைப் பார்க்காது. நினைவகத்தில் இரண்டும் ஒரே முகவரியில் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். லயத்தில் பத்து வீடும் ஒரே அச்சுத்தான். உள்ளே சாமான்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் 3ஆம் வீடு 4ஆம் வீடு ஆகாது. == கேட்பது வீட்டு எண்ணை. 'ஈக்வல்ஸ்' என்ற மெத்தட் கேட்பது உள்ளே இருப்பதை.

பிறகு 127 வரை எப்படிச் சரியாக வந்தது? அங்கேதான் சூது! -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஆப்ஜெக்டுகளைத் தயாராக வைத்திருக்கிறது. தானாக இன்டிஜராக மாற்றும்போது அதையே எடுத்துத் தருகிறது. முகவரி ஒன்றாகிவிடுகிறது. அதைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட், புது முகவரி.

தப்பு முதல் கூப்பனிலேயே இருந்தது. 128இல் வெளியே வந்தது, அவ்வளவுதான்!

பெயரும் அடையாள அட்டை எண்ணும் இதைவிட மோசம். அவை சரங்கள் (ஸ்டிரிங்). நிரலுக்குள்ளேயே மேற்கோளில் எழுதிய சரங்களை ஜாவா பகிர்ந்துகொள்ளும். == 'ஆம்' என்று தலையாட்டும். அதையே கீபோர்டில் தட்டினாலோ ஃபைலிலிருந்து படித்தாலோ வேறு ஆப்ஜெக்ட். 12 இலக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் 'இல்லை' என்று சாதிக்கும். கூப்பனாவது ஒருவேளைச் சாப்பாடு. கிளினிக் பதிவேட்டில், சம்பளப் பட்டியலில் இது நடந்தால்?

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்:

• சின்ன எண்களில் சரி, நூற்றுச் சொச்சத்தைத் தாண்டினால் கோளாறு.

• நிரலில் எழுதிய பெயர் பொருந்துகிறது, தட்டிய பெயர் பொருந்தவில்லை.

• திரையில் அச்சிட்டால் இரண்டும் ஒன்று, விடை மட்டும் 'இல்லை'.

• ஹாஷ்செட்டில் ஒரே உறுப்பினர் இரண்டு முறை. உங்கள் கிளாஸில் ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களா? ஒன்று மட்டும் போதாது!

• பைத்தானில் எண்ணை ஒப்பிட 'இஸ்' போட்டிருக்கிறீர்கள். அங்கே == மதிப்பைப் பார்க்கும், 'இஸ்'தான் முகவரியைப் பார்க்கும். 3.8ஆம் பதிப்பிலிருந்து, நேரடியாக எழுதிய எண்ணோடு 'இஸ்' போட்டால் எச்சரிக்கை வரும். இரண்டு மாறிகளுக்கு நடுவே போட்டால் அதுவும் வராது!

• ஜாவாஸ்கிரிப்டில் ஒரே உள்ளடக்கம் கொண்ட இரண்டு அரேக்களை ஒப்பிட்டால் 'இல்லை' வருகிறது. அங்கேயும் முகவரிதான்.

என்ன செய்வது? சரத்துக்கும் இன்டிஜருக்கும் ஈக்வல்ஸ். ஒரு பக்கம் 'நல்' வர வாய்ப்பிருந்தால் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ். ஜாவா அரேக்கு அரேஸ்.ஈக்வல்ஸ்.

அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள்! பிக்டெசிமலில் 10.5 ரிங்கிட்டும் 10.50 ரிங்கிட்டும் ஈக்வல்ஸ் கணக்கில் வேறு வேறு. பணத்துக்கு கம்பேர்டூ போடுங்கள். அடையாள அட்டை எண்ணை ஒருவர் நடுவில் கோடு போட்டு எழுதுவார், ஒருவர் சேர்த்து எழுதுவார். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

இன்று இரவே நிரலைத் திறந்து ஒவ்வொரு ==ஐயும் தேடுங்கள். இரண்டு பக்கமும் என்ன வகை என்று பாருங்கள். ஃபைலில் 200 பெயரையும் எண்ணையும் போட்டு ஓட்டுங்கள். 127ஐத் தாண்டாத சோதனை சோதனையே இல்லை. அதை முடிக்காமல் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்!