அவுட்போர்டு எஞ்சின் பிளாக் விரிசல்

அவுட்போர்டு எஞ்சின் பிளாக் விரிசல் என்பது, படகின் பின்புறத்தில் வெளியே பொருத்தப்படும் எஞ்சினின் உருளைகளைத் தாங்கும் வார்ப்புப் பகுதியில் ஏற்படும் வெடிப்பு ஆகும். புதிய பிளாக் விலை கூடியது என்பதால், சிறு படகு மீனவர்கள் குறைந்த செலவில் இதனைப் பழுதுபார்க்க முனைவதுண்டு. எம்முறை பொருந்தும் என்பதை விரிசல் அமைந்துள்ள இடமே தீர்மானிக்கின்றது.

பின்னணி

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் மேற்கே கரையாம்புத்தூர் போன்ற வேளாண் ஊர்களும், கிழக்கே பனித்திட்டு, நரம்பை முதலிய கடலோர ஊர்களும் உள்ளன. வயல்களில் பயன்படும் டீசல் பம்புசெட்டுகளின் பிளாக் பொதுவாக வார்ப்பிரும்பால் ஆனது. அவுட்போர்டு எஞ்சினின் பிளாக்கோ, எடை குறைவாக இருக்கும்பொருட்டு அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்படுகின்றது. எனவே வார்ப்பிரும்பை ஒட்டும் வெல்டிங் முறை இதற்குப் பொருந்தாது.

காரணங்கள்

இவ்வெஞ்சின்கள் கடல்நீரை உள்ளிழுத்துக் குளிர்கின்றன. நீர் செல்லும் வழியில் உப்பு படிந்தாலோ, நீரேற்றியின் இரப்பர்ச் சக்கரம் தேய்ந்தாலோ பிளாக் மிகையாகச் சூடேறி விரிசல் விடலாம். உப்பு அரிப்பு உலோகத்தை மெலியச் செய்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சோழமண்டலக் கரையில் பல எஞ்சின்கள் கடல்நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கியவற்றை உடனே நன்னீரில் கழுவி எண்ணெயிடாவிடில் அரிப்பு விரைவாகப் பரவும்.

விரிசலைக் கண்டறிதல்

பிளாக்கை நன்கு தூய்மை செய்து, ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்தபின் சுண்ணத்தூள் பூச வேண்டும். விரிசலுள் புகுந்த மண்ணெண்ணெய் மேலெழுந்து தூளில் கோடாகத் தெரியும்.

பழுதுபார்க்கும் முறைகள்

* எப்பாக்சிப் பசை: நீர் உறையின் வெளிச்சுவரில் உள்ள சிறு விரிசலுக்கு ஏற்றது. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் நீளுவது தடுக்கப்படும். பின்னர் விரிசலை 'வி' வடிவில் அராவி, அசிட்டோனால் எண்ணெய்ப்பசையை நீக்கி, உலோகத்தூள் கலந்த எப்பாக்சியை நிரப்பி இறுக விடவேண்டும்.
* ஆர்கன் வெல்டிங்: பெரிய விரிசலுக்கு உகந்தது. அலுமினியம் 660 °செ அளவில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலம் உருக 2000 °செ-க்கும் மேல் வேண்டும். ஆகவே படலத்தை அகற்றி, பிளாக்கை முன்கூட்டியே சூடேற்றி ஒட்டுவர். வெப்பத்தால் உருளை கோணக்கூடுமாதலால் பின்னர் அளவு சரிபார்த்தல் இன்றியமையாதது.
* பழைய பிளாக்: கழித்த எஞ்சினிலிருந்து பெறலாம். பல எஞ்சின்களில் பிளாக்கும் வணரித்தண்டு (கிராங்க் ஷாப்ட்) உறையும் ஒன்றாகப் பொருத்திக் கடையப்படுவதால், இரண்டையும் இணையாகவே வாங்க வேண்டும்.

வரம்புகள்

உருளையின் உட்சுவர், எரி அறை, வணரித்தண்டின் தாங்கி ஆகியவற்றில் விரிசல் இருப்பின் பசையிடுதல் கூடாது. அங்கு அழுத்தமும் வெப்பமும் மிகுதி. பசை கழன்றால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும்; அப்போது மிச்சப்படுத்திய பணத்தைவிட உயிரிழப்பின் வாய்ப்பே பெரிதாகும். உருளைச் சுவர் விரிசலுக்கு, கடைசல் பட்டறையில் இரும்பு லைனர் இறக்குவது சில எஞ்சின்களில் இயலும். தாங்கியில் விரிசல் கண்டால் பிளாக்கை மாற்றுவதே முறை.

சோதனையும் தடுப்பும்

பழுதுபார்த்த எஞ்சினை நன்னீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டி, கசிவும் சூடும் பார்த்த பின்னரே கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதற் பயணங்களில் கரையை அண்டியே ஓட்டுவதும், துடுப்பு உடன் வைத்திருப்பதும் நன்று. ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நன்னீரில் ஓட்டி உப்பை வெளியேற்றுதலே செலவு மிகக் குறைந்த தடுப்பு முறையாகும்.