மூடிய சிப்பிக்கு என்ன விலை?

தூத்துக்குடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். முன்பெல்லாம் பையன்கள் பி.எட். பற்றித்தான் கேட்பார்கள். இப்போது, "சார், டிகிரி முடிச்சதும் குவான்ட் வேலைக்குப் போகலாமா?" என்கிறார்கள்.

பேர்தான் புதுசு. 1961 வரை இந்தக் கரையில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. அரசின் பங்காக வந்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. அதனால் முன்கூட்டியே கடலடியில் சிப்பிகள் வளரும் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, ஆயிரத்துக்கு எவ்வளவு தேறும் என்று மதிப்பிட்டார்கள். முத்தின் விலையோ எடையின் வர்க்கத்தில் ஏறும்: ஒரே தரத்தில் இரண்டு மடங்கு எடை என்றால் நான்கு மடங்கு விலை. எங்கோ ஒரு சிப்பியில் கிடைக்கும் பெரிய முத்து மொத்தச் சராசரியையும் புரட்டிப் போட்டுவிடும்.

குவான்ட் நிறுவனங்களும் இதைத்தான் பங்கிலும் ஆப்ஷனிலும் செய்கின்றன. நியாய விலையைக் கணிதத்தால் கணித்து, கணினியால் கண்ணிமைக்கும் முன் வாங்கி விற்கின்றன. ஆப்டிவர், ஐஎம்சி மும்பையில். டவர் ரிசர்ச் குருகிராமில். ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பெரும்பாலும் முதுகலையோ பிஎச்.டி.யோ வேண்டும். இளநிலைக்காரர்கள் நுழைவது டிரேடராக, டெவலப்பராக. பலருக்கு இன்டர்ன்ஷிப்தான் வாசல். அதற்கும் ஐ.ஐ.டி. போன்ற சில வளாகங்களிலேயே ஆள் தேடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே பிளஸ் டூவிலேயே சொல்லிவிடுவேன்: சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், இரண்டின் நுழைவுத் தேர்வையும் எழுது. ஏற்கெனவே பி.எஸ்சி.யில் இருந்தால் நிகழ்தகவும் சி பிளஸ் பிளஸும் படி, முதுகலைக்கு அங்கே முயற்சி செய்.

"இது சூதாட்டந்தானே சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். முழுக்க மறுக்க முடியவில்லை. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் என்கிறது செபியின் ஆய்வு. எதிர்ப்பக்கத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேர்காணலுக்கு நான் பழக்கும் கேள்வி இது. பகடையில் விழும் எண் அளவுக்கு ரூபாய் கிடைக்கும். ஆட எவ்வளவு கொடுப்பாய்? சராசரி 3.50. பிடிக்காவிட்டால் இன்னொரு முறை உருட்டலாம் என்றால்? நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும், விலை 4.25. இதுவரை சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது வாய்ப்பும் உண்டென்றால், முதலில் நான்கு விழுந்தாலும் நிறுத்தக் கூடாது. "ஏன்?" என்று கேட்டால் பாதிப் பேர் பேனாவைத் தேடுகிறார்கள்.