பாலாற்றங்கரைச் சம்சாரி

தென்பாண்டிச் சீமையில் விவசாயியைச் 'சம்சாரி' என்று அழைப்பார்கள். மனைவி மக்களோடு குடித்தனம் நடத்துகிறவருக்கும் அதே பெயர்தான். நிலத்தைப் பேணுவதும் குடும்பத்தைப் பேணுவதும் ஒரே தர்மம் என்று கண்ட ஜனங்கள் வைத்த பெயர் அது. 2025-ஆம் வருஷம் மழைக்காலத்தில், ஆம்பூருக்கு அருகே ஒரு கிராமத்தில் காலஞ்சென்ற பெரியவர் ஒருவரை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லே நம் நாவில் வருகிறது. அவர் சட்டசபைக்குப் போனவரல்ல, மேடை ஏறியவரல்ல. பெயரைச் சொன்னாலும் நேயர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆகையால் பெரியவர் என்றே சொல்லிவிடுகிறோம்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் புகுகிறது. வருஷத்தில் பெரும்பகுதி அதில் காண்பது வெறும் மணல். ஆயினும் மணலுக்கு அடியில் நீர் உண்டு. கரையிலுள்ள கிணறுகளெல்லாம் அந்த நீரை நம்பியவை. பெரியவர் சிறுவராயிருந்தபோது அவருடைய தகப்பனார் மாடு பூட்டிக் கவலை இறைத்தார். சாலின் அடியில் தும்பிக்கை போல் தொங்கும் பகுதி தோலால் ஆனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல். அக்காலத்தில் உழவும் தோலும் கூட்டாளிகளாகவே இருந்தன.

1970-களில் நிலைமை மாறிற்று. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முற்றுப்பெற்ற சரக்காகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கொள்கை வகுத்தது. தேசத்துக்கு அந்நியச் செலாவணி, ஏழைகளுக்கு வேலை என்ற நோக்கம் நல்ல நோக்கந்தான். ஆனால் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்துக்கொண்டது. தோல் கெடாதிருக்கத் தடவிய சாதாரண உப்பும் கழுவிய நீரோடு சேர்ந்து ஓடைகளில் விழுந்து, மண்ணுக்குள் இறங்கிற்று.

அதைப் பெரியவர் வீட்டில் முதலில் கண்டுகொண்டவர் அவருடைய மனைவியார். "கிணத்துத் தண்ணியிலே பருப்பு வேக மாட்டேங்குதுங்க" என்று ஒரு நாள் சொன்னார். அன்று முதல் பெரியவர் தினம் காலையில் ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். நெற்பயிரின் நுனி கருகிற்று. ஏரி வண்டல் அடித்தார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். நெல் போய்த் தென்னை வந்தது, காய் சிறுத்தது. கடைசியில் மாட்டுக்குப் புல் வளர்த்துப் பால் கறந்து விற்றார். அந்தப் பாலிலேதான் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெண்ணையும் படிக்க வைத்தார். அண்டை அயலார் பலர் நிலத்தை விற்றபோதும் அவர் தம்முடைய இரண்டு காணியை விடவில்லை.

மூத்த பிள்ளை ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தான். ஒரு பொங்கலுக்குத் தகப்பனாருக்கு நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தான். அவர் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார். வரப்புக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டு வயலில் இறங்கினார். "தோல் மேலே உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று நாம் கேட்டோம்.

"என் தகப்பனார் தோல் இல்லாம ஒரு சால் தண்ணி இறைச்சதில்லை, வாத்தியாரய்யா. இப்போ என் பேரப்பிள்ளைங்க சோறு தின்கிறதும் அதாலேதான். தொழில் நடக்கட்டும். அவங்க உப்பை அவங்க சுமக்கட்டும்; என் கிணத்திலே இறக்க வேண்டாம். அவ்வளவுதான்."

படிக்காத அந்த மனிதர் சொன்னதைத்தான் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருந்தது. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பாயிற்று. தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதுமோ பாதியோ சாகுபடிக்கு உதவாமற் போய்விட்டதாக அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. 2001-இல் அதற்கென அமைந்த அதிகார சபை சுமார் 29,000 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் விதித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் கூட இல்லை. 1991 முதல் 1998 வரை பட்ட நஷ்டத்துக்கு அது விலை!

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன, கழிவு குறைந்தது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் ஏறி வருவதில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடிற்று. மறு மாதம் பெரியவர் நீரைச் சுவைத்துப் பார்த்து, கால் காணியில் நெல் நட்டார். விளைந்தது கொஞ்சந்தான். அதில் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு படி அரிசி அனுப்பினார். "நம்ம நிலத்து அரிசி" என்று சொல்லி அனுப்பினாராம்.

2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பாலாறு பற்றி மறுபடியும் தீர்ப்பு வழங்கியது. இழப்பீட்டைச் சர்க்கார் கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. பேரன் பத்திரிகையைப் படித்துக் காட்டினான். பெரியவர் கேட்டுவிட்டு, "பணம் சரி, தண்ணி எப்போ நல்லாகும்னு எழுதியிருக்கா?" என்றார். தேதி இல்லை. கெடுதி நீங்கும் வரையில் கெடுத்தவரின் பொறுப்புத் தீராது என்று மட்டும் இருந்தது. அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

அவருடைய கருமத்தன்று உறவினர் திரளாக வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சமைக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. கிணறோ இருபது கஜத்தில் நிறைந்து கிடந்தது.

ஸ்வராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இத்தகைய சம்சாரிகளுக்குச் சிலை வைக்க வேண்டாம். அந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும் நாள் வரட்டும். அதுவே அவருக்கு நாம் செய்யும் ஞாபகார்த்தம்.