ஆலோசனை அறையின் பெயர்ப்பலகையைப் படிப்பது எப்படி?

எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவில் அண்மைக்காலமாக அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், எங்கள் தெருவிலேயே ஒரு கவுன்சலிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வராமல் அங்கேயே போகலாமா?" மறைமலை நகரின் குடியிருப்புத் தெருக்களிலும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையோரங்களிலும் இத்தகைய தனி ஆலோசனையகங்களின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. போகலாம் என்பதே என் பதில். ஆனால் போவதற்கு முன் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன.

இம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். 1794ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறு கொண்டது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆயினும் அந்த ஊரின் பெயரையே நாம் ஏச்சுச் சொல்லாக மாற்றிவிட்டோம். அந்த ஏச்சுக்கு அஞ்சியே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். வீட்டுக்கு அருகில், மருந்தகத்தின் மாடியில் ஓர் அமைதியான அறை இருந்தால், அவர்களுள் சிலரேனும் படியேறுவர்.

"லைசென்ஸ் பெற்ற தெரபிஸ்ட்" என்ற சொற்றொடரை இணையத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்க வழக்கு. அங்கு ஒவ்வொரு மாநிலமும் உரிமம் வழங்குகிறது. நம் நாட்டில் அத்தகைய பொது உரிமம் இல்லை. நம்மிடம் உள்ளது மருத்துவ உளவியலாளருக்கான பதிவு முறை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவரே மருத்துவ உளவியலாளர். உளவியலில் முதுகலை முடித்த பின் மேலும் 2 ஆண்டுகள் மருத்துவமனையில் நோயாளிகளுடன் பயிற்சி பெற்று எம்.ஃபில். பட்டம் பெற்றவர்களே இவர்களுள் பெரும்பாலோர். பதிவின்றித் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அச்சட்டம். இன்று சில அறைகளில் ஒருமுறை பேசுவதற்கான கட்டணமே அந்த அபராதத்தை மிஞ்சுகிறது. ஆகவே சட்டத்தின் அச்சத்தை மட்டும் நம்பி இருந்துவிட இயலாது.

இதனால் மற்ற அனைவரும் போலிகள் என்று கொள்ளக் கூடாது. ஆலோசனை உளவியல் பயின்றவர்களும், மனநலச் சமூகப் பணியில் பட்டம் பெற்றவர்களும் மணவாழ்க்கைப் பூசல், தேர்வு அச்சம், துயர இழப்பு ஆகியவற்றில் நன்றாகவே உதவுகின்றனர். 2021ஆம் ஆண்டின் இணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் இவர்களையும் பதிவு வட்டத்துக்குள் கொண்டுவர வழி செய்கிறது. ஆனால் வார இறுதி வகுப்பில் பெற்ற சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியவரும் "ஆலோசகர்" என்றே எழுதிக்கொள்கிறார். பலகையைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்டுவிடுங்கள். முறையாகப் பயின்றவர் இக்கேள்வியால் புண்படமாட்டார்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இருதுருவ மனநிலைக் கோளாறுக்காக லித்தியம் மாத்திரையில் பல மாதங்கள் சீராக இருந்த ஓர் இளைஞர், தூக்கம் குறைகிறது என்று ஓர் ஆலோசனை அறைக்குச் சென்றார். "மனத்தை மாத்திரையால் ஆற்ற முடியாது, நிறுத்திவிடுங்கள்" என்று அங்கு அறிவுரை கிடைத்தது. நிறுத்தினார். சில வாரங்களில், மூன்று இரவுகள் உறங்காமல், கையிருப்புப் பணம் முழுவதையும் செலவழித்த நிலையில் அவருடைய அண்ணன் அவரை எங்களிடம் அழைத்து வந்தார். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைவில் திரும்பும் என்பது மனநல மருத்துவத்தின் பாலபாடம். மனநல வல்லுநர் எவரும் தம் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 106இல் கூறுகிறது. மருந்தைத் தொடங்குவது, கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது ஆகிய நான்கும் மருத்துவரின் பொறுப்பு. பேச்சுச் சிகிச்சை அளிப்பவர் இதைத் தாமே முதல் நாளில் சொல்லிவிட்டால், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

தனி ஆலோசனையகம் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதையும் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது. பயிற்சி முடித்த இளம் உளவியலாளர் ஒருவர் இப்பகுதியில் அறை தேடியபோது, வாடகையைவிட அவரை வாட்டியது சுவர்தான். பலகைத் தடுப்புக்கு அப்பால் காத்திருப்பவரின் காதில் விழும்படி எவர் தம் துயரைச் சொல்வார்? இறுதியில் செங்கற்சுவர் கொண்ட அறை கிடைக்கும் வரை காத்திருந்தார். பலகையில் "மனநலம்" என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்றும் நீண்ட நாள் தயங்கினார். போட்டால் மக்கள் வரத் தயங்குவர். போடாவிட்டால் எதற்கான இடம் என்றே தெரியாது. போட்டார். இப்போது மாதம் இருமுறை மூத்த உளவியலாளர் ஒருவரிடம் தம் பணியை எடுத்துச் சொல்லி, மேற்பார்வை பெறுகிறார். தனியாகத் தொழில் செய்பவரின் தவற்றைக் கண்டு சொல்ல அருகில் எவரும் இரார் என்பதால் இது இன்றியமையாதது. நீங்கள் செல்லும் இடத்தில் அவ்வாறு ஒருவர் உள்ளாரா என்று கேட்கலாம்.

கட்டணம் பற்றி ஒரு சொல். ஓர் அமர்வு ஏறத்தாழ 45 முதல் 50 நிமிடங்கள் நீடிக்கும். அதன் பின் குறிப்பெழுத வேண்டும். ஒரு நாளில் ஐந்தாறு பேருக்கு மேல் கவனத்துடன் பார்க்க இயலாது. மனச்சோர்வுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் தேவைப்படும். எனவே ஓர் அமர்வுக்கான தொகையை மட்டும் கேட்காமல், மொத்தம் எத்தனை அமர்வுகள், வர இயலாத நாளுக்கும் கட்டணம் உண்டா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிற்சாலை ஊழியருக்கு இது மிக முக்கியம். இரவுப் பணி முடித்து வருபவர் காலை பத்து மணி அமர்வில் பாதி உறங்கிக்கொண்டிருப்பார். பணி நேரத்துக்கேற்ப அமர்வை மாற்றித் தருவாரா என்பதையும் பேசிக்கொள்க. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னால் சற்று நிதானியுங்கள்.

"கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?" என்பதுதான் இவ்வட்டாரத்தில் எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்பது. நோயாளியின் மனநலத் தகவல்களை இரகசியமாகக் காக்கும் கடமை சிகிச்சை அளிப்போருக்கு உண்டு என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23 கூறுகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்றவை விதிவிலக்குகள். மனிதவளத் துறையின் ஆர்வம் அவ்விதிவிலக்குகளுள் இல்லை. ஆயினும் நிறுவனமே கட்டணம் செலுத்தி ஆலோசனைக்கு அனுப்பும்போது, என்ன அறிக்கை யாருக்குச் செல்லும் என்பதை முதல் அமர்விலேயே கேட்டு, இயன்றால் எழுத்தில் பெறுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், அதைத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம்.

இன்னோர் எச்சரிக்கை. பேசி அனுப்பும் அறைக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு தேவையில்லை. ஆனால் "உங்கள் மகனை இங்கேயே தங்க வைத்துச் சரிசெய்கிறோம்" என்று சொல்லும் இடத்துக்கு அப்பதிவு கட்டாயம். பதிவுச் சான்றைப் பார்க்காமல் எவரையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்டல், பல நாள் உறக்கமின்மையுடன் கட்டுக்கடங்காத பேச்சு, உணவை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றுக்குத் தனி ஆலோசனை அறை முதல் இடமன்று. மருத்துவமனைக்கு வாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உள்ளது. நள்ளிரவாயின் டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணிலோ, தமிழக அரசின் 104 எண்ணிலோ கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

எங்களிடம் மருந்து பெற்றுக்கொண்டே வெளியில் பேச்சுச் சிகிச்சை பெறுவதில் எங்களுக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. பல நோய்களில் இரண்டும் சேர்ந்தே நல்ல பலன் தரும். அங்குச் செல்லும்போது எங்கள் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். அடுத்த முறை இங்கு வரும்போது அவருடைய பெயரையும், இதுவரை எத்தனை அமர்வுகள் முடிந்தன என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். உங்கள் இசைவு இருந்தால் நாங்களே அவரிடம் பேசிக்கொள்கிறோம்.