மருந்துக்கும் ஒரு காவலர்

மருத்துவரை மதித்து நடக்க வேண்டும் என அறிவுறுத்தும் திருநூல் பகுதி எதுவென்று வினவினால், சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் என்று நம் மக்களில் பலர் விடை பகர்வர். ஆயினும் அவ்வதிகாரத்தில் மருத்துவரோடு மற்றொருவரும் இடம் பெற்றிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நிலத்தினின்று இறைவன் தோன்றச் செய்த மருந்துப் பொருள்களைக் கலந்து தருகின்ற மருந்தாளுநரே அவர்.

நம் வள்ளுவப் பெருந்தகையும் இவரை மறந்தாரில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென அவர் வகுக்கின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தை முறையாகச் சேர்ப்பிப்பவரே உழைச்செல்வான்.

இந்த நான்காமவரைப் பற்றித்தான் இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். மருத்துவர் முன்னிலும் சிறந்த கல்வி பெறுகிறார். மருந்துகளோ ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஆனால் ஒரே நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒருசேர எடுத்துப் பார்த்து, இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, இந்த உடல் இவற்றைத் தாங்குமா என்று ஆராய்பவர் யார்? பெரும்பாலான மருத்துவமனைகளில் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கிறது.

ஒரு நோயாளி, நான்கு சீட்டுகள்

எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரை எண்ணிப் பார்ப்போம். இத்தகையோர் இல்லாத பங்கு எதுவும் இல்லை. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதற்கு எனலாப்ரில், அம்லோடிபின் என இரு மாத்திரைகள். இதயத்துடிப்பு சீராக இல்லை. அதற்கு டைகாக்சினும், இரத்தம் உறையாதிருக்க வார்பரினும். இவற்றை எழுதியவர் இதய மருத்துவர்.

சில வாரங்களில் கணுக்கால்கள் வீங்குகின்றன. அருகிலுள்ள வேறொரு மருத்துவரிடம் காட்டுகிறார். உடலில் நீர் கோத்திருக்கிறது எனக் கருதி, சிறுநீரைப் பெருக்கும் பியூரோசமைடு எழுதப்படுகிறது. உண்மையில் அந்த வீக்கம் அம்லோடிபினால் வரக்கூடிய பக்க விளைவு. சிறுநீர் பெருகவே, உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பும் அதனுடன் வெளியேறுகிறது. பொட்டாசியம் குறைந்த உடலில் டைகாக்சின் நஞ்சாக மாறத் தொடங்குகிறது. பெரியவருக்கு உணவில் வெறுப்பும் குமட்டலும் உண்டாகின்றன. மூன்றாம் மருத்துவர் குமட்டலுக்கு ஒரு மாத்திரை தருகிறார். இதற்கிடையில் முழங்கால் வலிக்காக நான்காமவர் டைக்ளோபினாக் எழுதுகிறார். வார்பரினோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு நேரலாம். எனலாப்ரில், பியூரோசமைடு ஆகிய இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம்.

இதில் யாரைக் குறை கூறுவது? நான்கு மருத்துவரும் தம் முன் வந்த துன்பத்திற்கு மருந்து எழுதினர். ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே நோக்கினால் குற்றம் பெரிதாகத் தோன்றாது. நான்கையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பவர் இல்லாமையே குற்றம். ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயென்று கொண்டு, அதற்கு மற்றொரு மருந்தை எழுதிக்கொண்டே போகும் இந்தச் சங்கிலியை அறுப்பதற்கென்றே ஒரு கல்வி உண்டு. அதுவே கிளினிக்கல் பார்மஸி. நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தை ஆராயும் கல்வி என்று அதனைக் கூறலாம்.

அளவும் அறிவும்

மருந்துகளிடையே நேரும் பூசல் ஒருபுறமிருக்க, அளவைப் பற்றியும் ஆழ்ந்த அறிவு தேவைப்படுகிறது. பல மருந்துகளைச் சிறுநீரகமே உடலைவிட்டு வெளியேற்றுகிறது. முதுமையில் அதன் வலிமை குன்றும். அதனை அறிய இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். ஆனால் தசை வற்றிய முதியோர்க்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தும் அவ்வளவு இயல்பாகவே தோன்றக்கூடும். எனவே வயது, எடை, ஆணா பெண்ணா என்பது, கிரியேட்டினின் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் முறையொன்றைக் காக்கிராப்ட், கால்ட் என்னும் இருவர் 1976-இல் வகுத்தனர். மருந்தின் அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ இன்றும் அது பயன்பட்டு வருகிறது.

இக்கணக்கு எதற்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரை, சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் நெடுநேரம் தங்கிவிடும். விடியற்காலையில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். பாட்டி தடுமாறுகிறார், ஏதோ உளறுகிறார். வீட்டாரோ ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகின்றனர். அது முதுமையன்று, மருந்து.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிட்டாயின் வேறொரு வகை. ஓர் எல்லைக்குமேல் கல்லீரல் அதனை விரைந்து அழிக்க இயலாது. அதன்பின் அளவைச் சிறிதே கூட்டினாலும் இரத்தத்தில் அது பன்மடங்கு ஏறும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டும் உண்ணவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் உண்டுவிட்டால் உயிருக்கே இறுதி நேரலாம். தைராய்டு மாத்திரையைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் ஒருசேர விழுங்கினால் அது உடலில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இவை யாவும் நூல்களில் உள்ளவைதாம். நூலில் உள்ளதை உரிய நோயாளிக்கு உரிய நாழிகையில் எடுத்துரைக்க ஒரு மனிதர் வேண்டுமல்லவா?

படுக்கையருகே பள்ளி

மருந்தாளுநர் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் இருப்பவர் என்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. அவரை நோயாளிகள் இருக்கும் தளத்திற்கு ஏற்றிய முயற்சிகளுள் முன்னோடியானது அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 1966-இல் தொடங்கியது. அங்கு ஒன்பதாம் தளத்திலேயே மருந்தகம் ஒன்று அமைக்கப்பட்டது. மருந்தாளுநர்கள் மருத்துவர்களோடும் செவிலியரோடும் ஒருங்கே பணியாற்றத் தொடங்கினர். 1990-இல் ஹெப்லர், ஸ்ட்ராண்ட் என்னும் இரு அறிஞர்கள், மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் கடமை முடிவதில்லை, அம்மருந்தால் நோயாளி அடையும் நன்மைக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று எடுத்துரைத்தனர். ‘நான் என் சகோதரனுக்குக் காவலாளியோ?’ என்னும் பொருள்பட காயின் கேட்ட கேள்விக்கு ஒரு தொழிலே ‘ஆம்’ என்று விடையிறுத்ததாக நாம் கொள்ளலாம்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பார்மஸி சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. ஈராண்டுப் பட்டயமும் நான்காண்டுப் பட்டமும் நாம் அறிந்தவை. 1990-களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் உள்ள ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் மருத்துவமனையோடு இணைந்த முதுநிலைப் பயிற்சிக்கு வழி வகுத்தன. பின்னர் 2008-இல் இந்திய பார்மஸி கவுன்சில் ‘பார்ம்.டி.’ என்னும் ஆறாண்டுக் கல்வியை நிறுவியது. ஐந்தாண்டு படிப்பு; ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. அவ்வாண்டில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவிலும், பிற சிறப்புப் பிரிவுகள் மூன்றில் தலா இரண்டு மாதமும் மாணவர் பணியாற்ற வேண்டும். பயிற்சி தரும் மருத்துவமனையில் குறைந்தது 300 படுக்கைகள் இருக்க வேண்டும் என்பதும் விதி.

அங்கு மாணவர் கற்பது என்ன? காலையில் மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிடும்போது உடன் செல்கிறார். புதிதாக வந்த நோயாளி வீட்டில் உட்கொண்ட ஆங்கில மருந்து, சித்த மருந்து, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அனைத்தையும் பொறுமையோடு கேட்டுப் பட்டியலிடுகிறார். அப்பட்டியலை மருத்துவமனைச் சீட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டது எது, இரட்டித்தது எது என்று காண்கிறார். சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலைக்கேற்ப அளவைக் கணக்கிட்டு மருத்துவரிடம் தெரிவிக்கிறார். தீய விளைவு ஏதேனும் கண்டால் பதிவு செய்கிறார். நோயாளி வீடு திரும்பும் நாளில் அருகமர்ந்து, எதை எப்போது, எவ்வாறு உண்பது என்று விளக்குகிறார். முடிவு செய்பவர் மருத்துவரே. ஆனால் அம்முடிவுக்கு மற்றுமொரு விழிப்பான கண் துணை நிற்கிறது.

‘மருத்துவர் இருக்க இன்னொருவர் எதற்கு?’ என்று சிலர் வினவுவர். ஒரு நாளில் எத்தனையோ நோயாளிகளைக் காணும் மருத்துவருக்கு நோயைக் கண்டறிவதே பெரும் சுமை. மருந்தை எழுதியவரையன்றி வேறொருவர் அதனைச் சரிபார்ப்பது அவருக்கு இழிவன்று, பாதுகாப்பு. நீதிமொழிகள் நூலும் ஆலோசனை கூறுவோர் பலர் இருக்கும் இடத்தில்தான் காரியம் கைகூடும் என்னும் கருத்தைத் தருகிறது.

படித்தவர்க்கு இடம் எங்கே?

இங்கே ஒரு வேதனையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பார்ம்.டி. முடித்த இளைஞரும் இளம்பெண்களும் தாம் கற்ற பணிக்கு மருத்துவமனைகளில் போதிய இடம் காண்பதில்லை. இடம் தரும் சில நிறுவனங்களிலும் மருந்துக் கடைக் கணக்கைப் பார்க்குமாறு பணிக்கப்படுவோர் உண்டு. எனவே பலர் மருந்து நிறுவனங்களின் அலுவலகங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிடுகின்றனர். நோயாளியின் பக்கத்தில் நிற்பதற்கென்றே ஆறாண்டு உருவாக்கப்பட்டவர், நோயாளியைக் காணாத மேசையில் அமர்கிறார். இழப்பு அவருடையது மட்டுமன்று. வீட்டில் மருந்துப் பையோடு அமர்ந்திருக்கும் நம் பெரியோருடையதும் ஆகும்.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் மருத்துவமனைகளை நோக்கியும் பணிவோடு ஒரு சொல் கூற விழைகிறோம். ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவரான மேரி குளௌரி 1920-இல் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபைத் துறவியாகி, ஏழைகளுக்குப் பணியாற்றினார். மருந்து கலந்து தருவோரையும் செவிலியரையும் உள்ளூர்ப் பெண்களிடையே அவர் பயிற்றுவித்தார். 1943-இல் இந்தியாவின் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு சங்கமாக இணைத்தவரும் அவரே. மருந்து தருவோர்க்கும் தனிப்பயிற்சி வேண்டும் என்று அன்றே உணர்ந்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நம் மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் ஒருவரையேனும் இப்பணிக்கு அமர்த்தினால் என்ன? ஊதியச் செலவு ஒன்று கூடும் என்பது உண்மையே. தவறான மருந்துச் சேர்க்கையால் மீண்டும் படுக்கையில் சேரும் ஏழையின் செலவையும் அக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இத்தகைய மருந்தாளுநர் நம் ஊருக்கு வரும்வரை கைகட்டி இருத்தல் தகாது. நோயில் வாடுவோர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்களும் பங்குப் பணியாளரும் அறிவர்: பல வீடுகளில் மருந்துப் பையே நோயாளியின் தலைமாட்டுப் பெட்டகம். அதில் சென்ற ஆண்டு மாத்திரையும் இவ்வாண்டு மாத்திரையும் கலந்து கிடக்கும்.

முதலாவதாக, வீட்டிலுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை, எந்த நோய்க்கு, எழுதியவர் யார் என்பவற்றைக் குறியுங்கள். நாட்டு மருந்தையும் மறவாதீர்கள்.

இரண்டாவதாக, எந்த மருத்துவரிடம் சென்றாலும் அப்புத்தகத்தையும் மருந்துப் பை முழுவதையும் கொண்டு செல்லுங்கள். ‘இவற்றில் இனித் தேவையில்லாதது எது?’ என்று மரியாதையுடன் கேளுங்கள்.

மூன்றாவதாக, புதிய மருந்து தொடங்கியபின் புதிய தொல்லை தோன்றினால், அது மருந்தால் வந்ததோ என்று முதலில் மருத்துவரிடம் வினவுங்கள். ஆனால் அச்சத்தால் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென விடுவது உண்பதினும் கேடானது. மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய நம் நாட்டில் 2010-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

நான்காவதாக, வலி மாத்திரையைக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை, சிறப்பாக இதயம், சிறுநீரகம் தளர்ந்தோர், அறவே விடவேண்டும்.

பிள்ளைகளை இக்கல்விக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக்குக் கவுன்சிலின் ஒப்புதல் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதாது. மாணவர் மெய்யாகவே நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவமனை அதனோடு இணைந்திருக்கிறதா என்று நேரில் கண்டறியுங்கள். கட்டிடத்தைக் கண்டு ஆறாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல், மருந்தினால் நேரும் தடுக்கத்தக்க பெருந்தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நாடுகளை அழைத்தது. அத்தகைய அழைப்பு அறையிலிருந்து அன்று, படுக்கையருகிலிருந்தே நிறைவேறும். செப்டம்பர் 26-ஆம் நாள் நாம் கொண்டாடும் புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் ஆகியோர் மருத்துவர்க்கும் மருந்தாளுநர்க்கும் பாதுகாவலர். கூலி வாங்காமல் குணமாக்கியவர்கள் என்று திருச்சபை மரபு அவர்களைப் போற்றுகிறது. இவ்வாண்டு அத்திருநாளில் மருத்துவர்க்காகவும் செவிலியர்க்காகவும் மன்றாடும்போது, மருந்தைக் காத்து நிற்பவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போமாக. அன்று மாலையே வீட்டிலுள்ள முதியவரின் மருந்துப் பையைத் திறந்து, அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தையும் எழுதுவோமாக. நலமளிக்கும் ஆண்டவர் நம் குடும்பங்களைக் காத்தருள்வாராக!