ஏணி கட்டியவன் எங்கே?

எவரெஸ்ட் உச்சியில் கொடியோடு நிற்கும் சீமான்களின் படங்களைப் பார்க்கிறோம். வீரந்தான், மறுக்கவில்லை. ஆனால் வழியெல்லாம் ஏணி கட்டியவன் யார்? கயிறு பிணைத்தவன் யார்? கூடாரத்தையும் ஆக்சிஜனையும் முதுகில் சுமந்தவன் யார்? ஷெர்ப்பாத் தொழிலாளி!

கும்பு என்னும் பனிச்சரிவிலே வீடளவு கட்டிகள் எந்நேரமும் புரளும். பணம் கட்டி வருபவர் அதைச் சில தடவை கடந்தால் போதும். சுமைக்காரனோ திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், அதுவும் விடியுமுன்னே. 2014 ஏப்ரல் 18 அன்று காலை அங்கே பனி சரிந்தது. மாண்டவர் 16 பேர். அத்தனை பேரும் நேபாள உழைப்பாளிகள். பணம் கட்டியவர் ஒருவருமில்லை!

அரசு உடனே அறிவித்தது என்ன தெரியுமா, தோழர்களே? குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், ஈமச் செலவுக்காம்! ஏழு பேர் குழுவொன்று ஏறுவதற்கு அதே அரசு வாங்கிய கட்டணம் 70,000 டாலர்.

தொழிலாளர் பொறுக்கவில்லை. அடிவார முகாமிலே கூடினார்கள், காப்பீட்டை 20 லட்சமாக்கு என்றார்கள். மேலே கால் வைக்க மறுத்தார்கள். சுமப்பவன் நின்றதும் சீமான்களின் குழுக்கள் ஒவ்வொன்றாய் மூட்டை கட்டின. பத்து லட்சமாயிருந்த காப்பீட்டைப் பதினைந்தாக்க அரசு இசைந்தது. மூவரின் உடல் மட்டும் பனிக்குள்ளிருந்து கிடைக்கவே இல்லை.